முரண்பாடு விசாரணை மன்றத்திலேயே மெய்ப்பிக்கப்பட வேண்டும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 2004-இல் நிகழ்ந்த சங்கரராமன் கொலை தொடர்பான வழக்கு, உச்ச நீதிமன்ற ஆணையால் புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகளாக, அதாவது தம்மை அழைத்த அரசுத் தரப்புக்கே பாதகமாகச் சொல்பவர்களாக மாறிய நிலையில், 2013 நவம்பர் 27 அன்று விடுதலைத் தீர்ப்பில் முடிந்தது. ஆனால் தண்டனையை எதிர்த்த மேல்முறையீடுகளில் அடிக்கடி எழும் சிக்கல் வேறு: சாட்சி குற்றச்சாட்டில் உறுதியாக நிற்கிறார், விவரங்களில் முன்னுக்குப்பின் முரண்படுகிறார்.

அத்தகைய முரண்பாடுகள் அனைத்தும் தண்டனையைக் கவிழ்ப்பதில்லை. நினைவு மங்குவதாலும் அதிர்ச்சியாலும் உண்மை பேசுவோரிடமும் தோன்றும் இயல்பான வேறுபாடுகளை, வழக்கின் அடிப்படையை அசைப்பவற்றிலிருந்து உச்ச நீதிமன்றம் 1981-இல் ராஜஸ்தான் மாநிலம் எதிர் கல்கி வழக்கில் பிரித்துக் காட்டியது. முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர் ஆகிய இருவருக்கும் இடைப்பட்ட சாட்சிக்குப் பிற சான்றின் துணை தேவை என்பது 1957-இல் வடிவேலு தேவர் வழக்கிலேயே நிலைபெற்ற விதி.

இவ்விதிகளை வழக்குரைஞர்கள் நன்கறிவர், தவறுவது செயல்முறையில்தான். எதிரியின் கையில் அரிவாள் இருந்ததென நீதிமன்றத்தில் சொல்லும் சாட்சி, காவல்துறை விசாரணையில் அதைச் சொல்லாதிருந்தால், அந்த விடுபடல் முக்கியமானதாயின் முரண்பாடாகவே கொள்ளத்தக்கது. எனினும் காவல்துறை பதிவு செய்த வாக்குமூலம் தானாகச் சாட்சியமாகாது என்பதால், 2015-இல் வி.கே. மிஸ்ரா வழக்கு வலியுறுத்தியபடி, முரண்படும் பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவந்து, அவர் மறுத்தால் அதைக் குறியிட்டு, பின்னர் புலன் விசாரணை அதிகாரியின் வாயிலாக மெய்ப்பிக்க வேண்டும். விடுபடலாயின், சாட்சி அவ்வாறு சொன்னாரா என்று அவ்வதிகாரியிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 148-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 145-ஆம் பிரிவைப் பின்பற்றி, இதே வழியைத்தான் காட்டுகிறது.

“நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள்” என்ற ஒற்றை வினாவோடு குறுக்கு விசாரணையை முடிப்பது வருந்தத்தக்க வழக்கம். சாட்சியை நேரில் காணாமல் பதிவேட்டை மட்டுமே படிக்கும் உயர் நீதிமன்றத்தில், மெய்ப்பிக்கப்படாத முரண்பாட்டை எவ்வளவு திறமையாக வாதிட்டாலும் பயனில்லை. ஆகவே இளம் வழக்குரைஞர்கள், புலன் விசாரணை அதிகாரி கூண்டிலிருந்து இறங்குமுன், குறியிட்ட ஒவ்வொரு பகுதியும் அவரிடம் கேட்கப்பட்டுவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும்.