படம் இருக்கிறது, பேச்சு இல்லை

ஈராண்டுகளுக்கு முன் ஜோர்ஹாட்டில் ஒரு கருத்தரங்கு முடிந்ததும், நிமாத்தி படித்துறையில் படகேறி மாஜுலிக்குச் சென்றேன். பிரம்மபுத்திராவின் நடுவிலுள்ள அத்தீவில், சாமகுரி சத்ரா என்னும் வைணவ மடத்தில், பாவோனா நாடகங்களுக்கு முகமூடி செய்யும் கைவினைஞர் ஒருவர் முக்கால் மணிநேரம் எங்களோடு பேசினார். மூங்கில் பின்னலின்மீது களிமண் தோய்த்த துணியை ஒட்டும் முறையையும், சில முகமூடிகளின் தாடை மட்டும் ஏன் அசைகிறது என்பதையும் விளக்கினார். அன்று நான் எடுத்த படங்கள் 212. அவருடைய விரல்கள், பின்னால் வெயிலில் காயும் கருடன் முகம், எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. தாடைக்கு அவர் சொன்ன காரணம் மட்டும் நினைவில் இல்லை. மொழியியல் படித்த எனக்கு இது வெட்கமாகவே இருந்தது.

கைப்பேசி நினைவை அழிக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல நான் தயாரில்லை. 2014இல் வெளியான லிண்டா ஹென்கெலின் அருங்காட்சியக ஆய்வை இதற்குச் சான்றாகப் பலர் காட்டுவர்: வெறுமனே பார்த்த பொருள்களைவிட, படமெடுத்த பொருள்களே பங்கேற்றோர் நினைவில் குறைவாகத் தங்கின. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது அவ்விழப்பு தோன்றவில்லை என்பதை அவர்கள் விட்டுவிடுகின்றனர். 2017இல் பராஷ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. விரும்பியபடி படமெடுத்தவர்களுக்குக் கண்டது கூடுதலாகவே நினைவில் நின்றது, கேட்டதுதான் குறைந்தது. பயணத்தில் நாம் இழப்பது காட்சியை அன்று, பேச்சை.

ஒலிப்பதிவு செய்யலாமே என்பீர்கள். ஆய்வுக்கெனில் ஒப்புதல் பெற்றே பதிவுசெய்கிறோம். படகோட்டியிடம் அப்படிக் கேட்பவர் யார்? மேலும், யாரும் திரும்பக் கேட்காத ஒலிக்கோப்புகள் நம் ஒவ்வொருவர் கணினியிலும் எத்தனை என்பது நமக்கே தெரியும்.

சென்ற குளிர்காலத்தில் மீண்டும் மாஜுலிக்குப் போனபோது ஓரிடத்தில் ஒரு படம், அதுவும் நெருக்கத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். குறிப்பேட்டையும் பேசுபவர் எதிரில் திறக்கவில்லை. தலைகவிழ்ந்திருப்பது எதில் என்பது அவருக்கு ஒரு பொருட்டன்று. தேநீர்க் கடையிலும் படகிலும் சொற்களாக மட்டும் குறித்து, இரவில் படங்களைத் திறப்பதற்கு முன்பே விரித்து எழுதினேன். படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் படத்தைத்தான் வருணிக்கிறேன்.

அந்தப் பக்கங்களில் ‘சாபொரி’ என்றொரு சொல் உள்ளது. ஆற்று மணல்திட்டைப் படகோட்டி அப்படித்தான் சொன்னார். அருகில் ‘அரங்கம், துருத்தி’ என்று நம் பழஞ்சொற்களை எழுதியிருக்கிறேன். முன்பு பேசிய கைவினைஞர் அன்று ஊரில் இல்லை. வேறொருவரிடம் தாடையைப் பற்றிக் கேட்டேன். மேடையில் நடிகர் வசனம் பேசும்போது முகமும் சேர்ந்து பேசவேண்டுமல்லவா என்றார். அதன்கீழ் நான் வரைந்த முகமூடி பூசணிக்காய் போல இருக்கிறது. முதலாமவர் இதையே சொன்னாரா, வேறு ஏதேனும் சொன்னாரா என்பதை அந்த 212 படங்களில் எதுவும் சொல்லவில்லை.