அழகுக்கு ஒரு சுரைக்கொடி

ஐப்பசி பிறக்கும் வேளையில், மேலைநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் வண்ண வண்ணச் சிறு காய்கள் வாசற்படியில் அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மஞ்சளும் பச்சையும் கலந்தவை, அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்தவை, மேனியெங்கும் மருக்கள் நிறைந்தவை எனப் பல வடிவங்கள். அவற்றுள் பெரும்பாலானவை பறங்கியின் உறவினம். உண்பதற்கன்றி அழகுக்கெனவே வளர்க்கப்படுபவை. இப்போது அவற்றின் விதைகள் அஞ்சலில் கருங்கல் வரை வந்து சேர்கின்றன. மொட்டைமாடியிலும் விளையிலும் அவற்றை ஊன்றலாமா, இது மார்க்கத்திற்கு உகந்ததா என்று சிலர் கேட்கின்றனர்.

அலங்காரமே கூடாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சூரா அல்அஃராஃபின் 32ஆம் வசனம், அல்லாஹ் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அழகை விலக்குவோரை நோக்கிக் கேள்வி எழுப்புகிறது. அதற்கு முந்தைய வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்து, வீண்விரயத்தைத் தடுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சுரை நமக்கு அந்நியமான பொருளும் அன்று. மீனின் வயிற்றிலிருந்து கரையில் எறியப்பட்டு, நோயுற்றுக் கிடந்த யூனுஸ் (அலை) அவர்களுக்கு நிழலாக முளைத்தது சுரைக்கொடி என்பதே விரிவுரையாளர் பலரின் கருத்து. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைத் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி), அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார் என்று புகாரியில் காண்கிறோம்.

இதே சுரை ஒருகாலத்தில் விலக்கப்பட்ட கலமாகவும் இருந்தது. அப்துல் கைஸ் குலத்தின் தூதுக்குழுவினருக்கு நபியவர்கள் தடுத்த நான்கு கலங்களுள் சுரைக்குடுக்கையும் ஒன்று. அதில் ஊறவைக்கும் பானம் விரைவில் போதையேறிவிடும். கேரளத்தில் கள்ளிறக்குவோர் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டித் தென்னை ஏறியதை அறிந்த நம் பகுதியினருக்கு இது எளிதில் விளங்கும். பிற்பாடு, போதை தருவதைத் தவிர்த்தால் எந்தக் கலத்திலும் பருகலாம் என்று அத்தடை தளர்த்தப்பட்டது. அறிஞர்களுள் பெரும்பாலோர் அவ்வாறே கொள்கின்றனர். குற்றம் குடுக்கையில் இல்லை, அதில் ஊறியதில்தான் இருந்தது. வாசலில் வைக்கும் காய்க்கும் இதே அளவுகோலைக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. பேய்த் திருவிழாவுக்கெனக் குடைந்து வைத்து, மறுநாள் குப்பையில் எறிவது வேறு. தன் கொடியில் விளைந்ததை உலர்த்தி ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பது வேறு.

ஆனால் ஹலாலா ஹராமா என்பதோடு நம் கேள்விகள் நின்றுவிடுகின்றன. நமக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று.

அலங்காரக் காய்கள் பலவற்றில் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு உண்டு. நம் முன்னோர் பேய்ச்சுரை என்று ஒதுக்கியதும் இக்கசப்பைக் கொண்டுதான். சமைத்தாலும் அது அழியாது. அலங்காரச் சுரையும் கறிச்சுரையும் அருகருகே பூத்தால், அந்தியில் விரியும் வெண்மலர்களிடையே விட்டில்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். அவ்வாண்டுக் காயில் எந்த மாற்றமும் தெரியாது. சதை தாய்க்கொடியின் இயல்பிலேயே இருக்கும். கலப்பு உள்ளே விதையில் ஒளிந்திருக்கும். அவ்விதையை எடுத்து வைத்து மறுபட்டத்தில் ஊன்றினால், பார்வைக்கு நல்ல கறிச்சுரையாகவும் நாவுக்கு நஞ்சாகவும் காய்க்கக்கூடும்.

2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், அண்டை வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசந்த சுக்கினிக் காயைச் சமைத்து உண்ட 79 வயது முதியவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். சிறிதளவே உண்ட அவர் மனைவி பிழைத்தார். கொடுத்தவர் அன்போடுதான் கொடுத்திருப்பார். இந்தியாவிலும் கசந்த சுரைச்சாற்றைப் பருகியோர் இறந்திருக்கின்றனர். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு, சாறு பிழியுமுன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்கவும், கசந்தால் எறிந்துவிடவும் அறிவுறுத்தியது.

குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சுரையும் விதையும் வேலி தாண்டிக் கைமாறுவது நம் மஹல்லாக்களில் இன்றும் உண்டு. அப்படித் தரும் விதை ஓர் அமானத். ஆகவே பெயர் தெரியாத அலங்கார விதைகளைக் கறிக்கொடிகளோடு ஊன்றுவதை நாம் ஏற்கவில்லை. அழகு வேண்டுமென்றால் அதற்கு நாட்டுச் சுரையே போதும். குடுவை வடிவில் காய்க்கும் கறிச்சுரை ஒன்றைப் பந்தலில் ஏற்றி, பிஞ்சுகளைப் பறித்து உண்டு, இறுதியில் இரண்டு மூன்றை மட்டும் முற்ற விட்டால் கறியும் கூடும், கலமும் கூடும்.

காலத்தையும் நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. மேலைநாட்டார் காய்களை உலர்த்தும் அக்டோபரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. தொங்கவிட்ட காய் அழுகிப்போகும். கருங்கல் பக்கத்தில் இலையுதிர்காலம் என்று ஒன்று உண்டென்றால், அது மார்கழி, தை மாதங்களில் ரப்பர் தோட்டத்தில்தான்! அந்தத் தையில் விதைத்தால், முற்றிய காய்கள் கோடை வெயிலில் தோல் இறுகும். காம்பு காய்ந்தபின் காம்போடு அறுத்து, காற்றோடும் நிழலில் தொங்கவிட வேண்டும். மேல்தோலில் பூசணம் படர்வது இயல்பு, துடைத்துவிடலாம். குலுக்கினால் விதைகள் ஒலிக்கும் வரை சில மாதங்கள் பொறுக்க வேண்டும். தேய்த்து மெருகிடுகையில் கிளம்பும் தூசு நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

விதைக்கென விடும் காய்க்கு இன்னும் சிறிது உழைப்பு உண்டு. மறுநாள் விரியவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முன்கூட்டியே நூலால் கட்டிவிட வேண்டும். அந்தியில் அவிழ்த்து, ஆண்பூவைப் பெண்பூவில் தடவி, மீண்டும் கட்டி, அந்தக் காம்பில் துணித்துண்டு ஒன்றை அடையாளமாக முடிந்துவிடலாம். மற்றக் காய்கள் எல்லாம் அடுக்களைக்கு. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் விதை அந்த ஒரு காயிலிருந்து.