பொன்வண்டும் பெயர்ச்சீட்டும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் மக்கள் வழக்கு. அவ்வாடையைச் செய்தவர்க்கு அதில் எத்துணைப் பங்கு என்று கேட்பார் அரியர். தோலும் காலணியுமே வாழ்வாகக் கொண்ட இப்பாலாற்றங்கரையில் இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமுடையது.

விக்டோரியா அரசியார் ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரையாகும். அக்காலத்துச் சீமாட்டியரின் கவுன் இடையில் இறுகி, கீழே குடைபோல் விரிந்தது. 1850களில் வந்த எஃகு வளையச் சட்டகம் அவ்விரிவைப் பின்னும் பெருக்கிற்று. இந்நிலையில்தான் சார்லஸ் பிரெடெரிக் வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1858-இல் பாரிசில் தம் ஆடையகத்தைத் தொடங்கினார். இளமையில் துணிக்கடை ஊழியராய் இருந்தவர் அவர். அதுவரை சீமாட்டி சொன்னபடி தையற்காரர் தைத்தார். வொர்த்தோ தாமே வடிவம் வகுத்து, அதனை உயிருள்ள பெண்களுக்கு அணிவித்துக் காட்டி, 'இதுவே அழகு' என்றார். ஓவியர் படத்தில் கையொப்பமிடுவது போல, ஆடையின் உட்புறத்தில் தம் பெயர்ச்சீட்டைத் தைத்தார். உயர்நிலை ஆடைக்கலையின் வரலாறு அச்சிறு துணித் துண்டிலிருந்தே பெருகியது எனலாம்.

இனி, பெயர் பெறாதவரைக் காண்போம். அக்கால ஆங்கிலப் பெண்டிர் விரும்பி அணிந்தவற்றுள் ஒன்று, பொன்வண்டின் பசுஞ்சிறகோடுகள் பதித்த மஸ்லின் ஆடை. நம் சிறார் தீப்பெட்டியில் அடைத்து விளையாடிய அதே பொன்வண்டினம்தான். அதன் ஒளிர்நிறம் சாயத்தால் அமைந்ததன்று. ஓட்டின் நுண்ணமைப்பில் ஒளி பட்டு எழுவது. ஆதலின் எளிதில் மங்காது. சென்னை, ஐதராபாத், கல்கத்தா ஆகிய நகரங்களில் அச்சிறகோடுகளைத் துளையிட்டு, பொற்சரிகையோடு சேர்த்துத் துணியில் தைத்தனர். அத்தகைய ஆடைகள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. தைத்தவர் பெயர்கள் எங்குள?

1903-ஆம் ஆண்டு டெல்லி தர்பாரின்போது அரசப் பிரதிநிதி கர்சனின் மனைவியார் அணிந்த மயிலாடை உலகப் புகழ் பெற்றது. துணி முழுதும் மயிற்பீலிக் கோலம். ஒவ்வொரு பீலிக் கண்ணிலும் ஒரு பொன்வண்டுச் சிறகு. டெல்லி, ஆக்ராக் கைவினைஞர் ஜர்தோசி வேலை செய்ய, வொர்த்தின் மகன் நடத்திய பாரிஸ் நிறுவனம் அதனை ஆடையாக்கியது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றும் நமக்கு, மயிலையே போர்வையாக்கிய இக்காட்சி வியப்பளிக்கும். பட்டறை உடையவர் பெயர்கூட ஏட்டில் உண்டு. ஊசி பிடித்த விரல்களுக்கு உரியோர் பெயரில்லை.

தமிழ் மரபு இதனினும் பெருந்தன்மை உடையது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று, துணி விற்றவரும் பொன்வேலை செய்தவரும் தொழிற்பெயரோடே சங்கப் புலவர் வரிசையில் அமர்ந்துள்ளனர். தொழில் அவர்தம் பெயரை மறைக்கவில்லை, விளக்கிற்று.

நம் ஊர்களுக்கு வருவோம். ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட சென்னை மாகாணத் தோல், அந்தக் கவுன்களின் காலத்திலேயே லண்டன் ஏலச் சந்தைக்குக் கப்பலேறியது. அம்மரபில் வந்த ஈ.ஐ. தோல் இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இத்தொழிலுக்குப் பாலாறு கொடுத்த விலையை 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உரைக்கும். இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆலைகளில் காலணி தைப்போருள் பெண்களே மிகப் பலர். விடியலில் சிற்றூர்களிலிருந்து ஆலைப் பேருந்தேறி வரும் அவர்கள் தைக்கும் காலணி, அயல்நாட்டுப் பெயர் தாங்கிக் கடல் கடக்கிறது.

'வாங்குவோர்க்குத் தரமும் விலையும் போதும். தைத்தவர் பெயர் எதற்கு?' என்று கேட்கலாம். வொர்த்தின் வரலாறே விடை. பெயரிட்டவர் விலை குறித்தார். பெயரற்றவர் கூலி பெற்றார். வடிவம் வகுப்பவரிடமே வருவாயின் மேற்பங்கு தங்குகிறது. நூற்றைம்பது ஆண்டுத் தொழிலறிவு உடைய நாம், பிறர் வரைந்ததைத் தைப்பதோடு அமைவது தகுமா? தைக்கும் தாயின் மகள் வடிவம் வரைபவளாக உயர வேண்டும். அதற்குரிய கல்வியும் உதவித்தொகையும் ஆலையதிபர்களும் கல்வி அறநிலையங்களும் சேர்ந்து வழங்கத் தக்கன. வறியோர்க்கு ஈவதினும், ஈயத் தேவையில்லா நிலைக்கு அவர்களை உயர்த்துவது மேலான அறமன்றோ!

தமிழ்த் துறைக்கும் ஒரு கடமை உண்டு. பச்சைத் தோல் உள்ளே வருவது முதல் காலணி பெட்டியில் அடங்குவது வரை, தமிழும் உருதுவும் ஆங்கிலமும் கலந்து வழங்கும் தொழிற்சொற்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. முதியோர் மறைய அவையும் மறையும். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தொழிலாளியைக் கண்டு, அவர் இசைவுடன் அவர்தம் பெயர், பணி, சொற்கள் ஆகியவற்றைப் பதிவு செய்க. அடுத்த மலரில் அத்தொகுப்பு இடம்பெறட்டும். பொன்வண்டுச் சிறகு தைத்தவர்க்கு நேர்ந்தது, காலணி தைப்பவர்க்கு நேர வேண்டா.