சந்து என்னும் அலகு

‘மக்கள் ஒன்றுகூடினால் எதையும் சாதிக்கலாம்’ என்னும் வாக்கியம், நகரங்களைப் பற்றிப் பேச்செழும் இடத்திலெல்லாம் தவறாமல் வந்து விழுகிறது. கைதட்டல் பெறும் வாக்கியம்தான். ஆனால் எத்தனை மக்கள், எந்த வேலைக்காக, யாருடைய பணத்தில், எந்த எல்லைவரை என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. இக்கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக விடை தேடிய ஒரு மனிதரும் ஒரு குடியிருப்பும் நமது அண்டை நாட்டில் உண்டு. அந்தக் குடியிருப்பு கராச்சியின் வடமேற்கில் இருக்கும் ஓரங்கி. அந்த மனிதர் அக்தர் ஹமீத் கான். இவ்விருவரையும் முன்வைத்துச் சில எண்ணங்களைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஓரங்கியைக் குடிசைப் பகுதி என்று எழுதிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை மட்டுமே. 1960களின் நடுவில் முளைவிட்டு, 1971இல் வங்கதேசம் பிரிந்தபின் அங்கிருந்து வந்த பீஹாரி அகதிகளால் வேகமாகப் பெருகிய ஊர் அது. முஹாஜிர்கள், பஷ்தூன்கள், பஞ்சாபிகள், பலூச்சிகள், சிந்திகள் எனப் பாகிஸ்தானின் எல்லா இனத்தவரும் அங்கே அடுத்தடுத்த சந்துகளில் குடியேறினர். நிலம் அரசுடையது, ஆனால் அதை மனைகளாக அளந்து விற்றவர்கள் தரகர்கள். போலீசுக்கும் அலுவலகத்துக்கும் போகவேண்டிய பங்கு போய்க்கொண்டிருந்தது. வீட்டைக் கட்டியவர்களோ குடியேறியவர்களே. ‘தல்லா’ எனப்படும் சிறு கட்டுமானப் பொருள் பட்டறைகள் கான்கிரீட் கல்லைக் கடனுக்குத் தந்தன, சுவர் எழுந்தது. ஆக, 1980வாக்கில் ஓரங்கியில் வீடு இருந்தது, சந்து நேராக இருந்தது. கழிவுநீர் போவதற்கு மட்டும் வழி இல்லை. வாளிக் கழிப்பறையும் உறிஞ்சுகுழியும் தெருவில் தேங்கிய நீரும்தான் ஏற்பாடு. அடித்தளம் ஈரம் குடித்துச் சுவர்கள் விரிசல் கண்டன. குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தன.

அந்த ஆண்டு ஏப்ரலில் அங்கே வந்துசேர்ந்த அக்தர் ஹமீத் கானுக்கு வயது அறுபத்தைந்தைக் கடந்திருந்தது. 1914இல் ஆக்ராவில் பிறந்தவர். ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்காளத்தில் பணியாற்றி, 1943இன் பஞ்சத்தை நேரில் கண்டபின் அந்தப் பதவியை உதறியவர். அலிகார் அருகே ஒரு கிராமத்தில் பூட்டுத் தொழிலாளியாக உழைத்துப் பிழைக்க முயன்றவர். பிறகு கிழக்கு வங்கத்துக் கொமில்லாவில் ஊரக வளர்ச்சிக் கழகத்தை நடத்தி உலகப் புகழ் பெற்றார். 1963இல் மகசேசே விருதும் வந்தது. உருதுவில் கவிதையும் எழுதுவார். ஓரங்கி முன்னோடித் திட்டத்துக்கு முதலில் பணம் தந்தது பி.சி.சி.ஐ. என்னும் பன்னாட்டு வங்கியின் அறக்கட்டளை. பெரும் மோசடிக்காக 1991இல் உலகெங்கும் இழுத்து மூடப்பட்ட அதே வங்கிதான்! நல்ல சாக்கடைக்கான விதை எங்கிருந்தெல்லாம் வருகிறது பாருங்கள்.

கானிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. திட்டத்தோடு வரவில்லை. மாதக்கணக்கில் தெருக்களில் நடந்தார், டீக்கடைகளில் உட்கார்ந்தார், கேட்டார். மக்களுக்கு எல்லாவற்றையும்விட அதிகம் உறுத்தியது சாக்கடை. ஆனால் அதை யார் கட்டவேண்டும் என்றால், அரசு இலவசமாகக் கட்டித்தரும் என்றார்கள். நகரின் வசதியான பகுதிகளுக்கு அப்படித்தானே கிடைத்தது? இந்த எதிர்பார்ப்பைக் கான் முதல் தடையாகக் கண்டார். அரசு கட்டும் விலையில் அவர்களால் கட்ட முடியாது என்பது இரண்டாவது. தொழில்நுட்பம் தெரியாது என்பது மூன்றாவது. நிலத்துக்குக் கீழே ஓடும் குழாயைத் தனியொரு வீடு போட முடியாது, பலர் சேரவேண்டும், சேர்ந்து பழக்கமில்லை என்பது நான்காவது.

இந்த நான்காம் தடைக்கு அவர் கண்ட விடையைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். வேறு எவராக இருந்தாலும் ஓரங்கிக்கென ஒரு சங்கம் அமைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்து, லெட்டர் பேடு அடித்திருப்பார்கள். கான் அதைச் செய்யவில்லை. ஊரை அல்ல, வட்டாரத்தை அல்ல, ஒரு சந்தை மட்டும் அலகாக எடுத்துக்கொண்டார். ஒரு சந்து என்றால் இருபது முதல் முப்பது வீடு. அங்கே யார் பேச்சு மாறாதவர், யார் கடன் வாங்கினால் திருப்பித் தருவார், யாருக்கு இந்த மாதம் உண்மையாகவே கையில் பணமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தணிக்கையாளர் வேண்டாம். அந்தச் சந்து தனக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்து விண்ணப்பித்தால், திட்டத்தின் ஆட்கள் வந்து நில அளவை செய்து, வரைபடமும் செலவுக் கணக்கும் போட்டுத் தருவார்கள். கருவிகளை இரவல் தருவார்கள். பணத்தை மட்டும் தொடமாட்டார்கள். வசூலிப்பதும் செலவிடுவதும் சந்தின் வேலை. இந்தக் கடைசி விதியில் ஒரு கூர்மை இருக்கிறது. நகர்ப்புறச் சங்கங்கள் உடைவது பெரும்பாலும் பணம் கைமாறும் இடத்தில்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்த பணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரே கண்முன் பதில் சொல்லவேண்டியிருந்தால் அந்த உடைவு குறைகிறது.

சந்து சிறியது என்பதால் அரசியலும் சிறியதாகவே இருந்தது. இனக்கலவரங்கள் கராச்சியை உலுக்கிய எண்பதுகளில் ஓரங்கியும் தப்பவில்லை. ஆனாலும் சந்துகளில் பள்ளம் தோண்டும் வேலை நின்றுவிடவில்லை. குழாய்க்கு வாட்டம் தேவை. வாட்டத்துக்கு இனம் கிடையாது. மேட்டுச் சந்தின் கழிவு பள்ளத்துச் சந்தின் வழியாகத்தான் ஓடைக்குப் போயாகவேண்டும். எனவே ஓடையை ஒட்டிய சந்துகள் முதலில் கட்டின. அதைக் கண்ட அடுத்த சந்து அதனோடு இணைய விரும்பியது. சில இடங்களில் பல சந்துகள் கூடி ஒரு பொது வடிகாலைத் தாங்களே போட்டன. பெரிய அமைப்பு மேலிருந்து இறங்காமல், சிறிய அலகுகள் கழிவுநீரின் தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

செலவு விஷயத்தையும் பார்க்கவேண்டும். தொடக்க ஆண்டுகளில் கழிப்பறை, அதற்கும் குழாய்க்கும் இடையே கசடு தங்கும் சிறு தொட்டி, சந்துக் குழாயில் ஒரு வீட்டின் பங்கு எல்லாம் சேர்ந்து சுமார் ஆயிரம் பாகிஸ்தான் ரூபாய்தான் ஆனது. அரசு வேலைக்கான செலவில் இது சிறு பகுதி. காண்ட்ராக்டரின் லாபமும் பொறியாளரின் ‘பங்கும்’ இல்லாமற்போனது ஒரு காரணம். வடிவமைப்பை எளிமையாக்கியது இன்னொன்று. மேன்ஹோல் தொட்டிகளைச் செங்கல் வைத்துக் கட்டாமல், இரும்பு அச்சு செய்து அந்த இடத்திலேயே கான்கிரீட் வார்த்தார்கள். அச்சு சந்து விட்டுச் சந்து போனது. முதற் சந்துகளில் கோளாறுகளும் நிறைய. கான்கிரீட்டை நாட்கணக்கில் நனைத்து வைக்கவேண்டும் என்பதே பலருக்குத் தெரியாமல், மூடிகள் நொறுங்கின. திட்டத்தின் கட்டடக்கலைஞர்கள் அதை மறைக்காமல் பதிவு செய்து, துண்டறிக்கையும் செயல்விளக்கமுமாகத் திருத்தினர். இறுதியில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிக் குழாய் பெற்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவேண்டும். பணக்காரப் பேட்டைகளுக்கு அரசு செலவில் பாதாளச் சாக்கடை போட்டுவிட்டு, ஏழையைப் பார்த்து ‘நீயே கட்டிக்கொள்’ என்பது எந்த ஊர் நியாயம்? இடதுசாரி நண்பர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது என்னால் எளிதில் தாண்டிப்போக முடிவதில்லை. சுய உதவியைப் புகழ்கிறவர்களில் பாதிப்பேர் அரசின் கடமையைக் குறைக்க வழி தேடுகிறவர்கள் என்பதும் உண்மையே. ஆனால் ஓரங்கி சொன்னது அதுவன்று. அங்கே வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளை இணைக்கும் சிறு வடிகால் ஆகியவை ‘உள்’. பெரும் வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமும் ‘வெளி’. உள்ளை மக்கள் கட்டுவார்கள். வெளியை அரசு கட்டியே தீரவேண்டும். இதை வேண்டுகோளாக அல்லாமல் வரைபடத்தோடும் கணக்கோடும் அவர்கள் கேட்டார்கள். உள்ளைக் கட்டி முடித்தவனுக்கு வெளியைக் கேட்கும் குரல் வேறுமாதிரி ஒலிக்கிறது. மனுக் கொடுப்பவனின் குரலில்லை அது. பாதி வேலையை முடித்துவிட்ட பங்காளியின் குரல்.

அந்தக் குரலுக்கு எவ்வளவு வலு வந்தது என்பதற்கு ஒரு சான்று. கராச்சியின் கொரங்கிப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒரு பெரிய கழிவுநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. ஓரங்கிக்காரர்களும் ஆரிஃப் ஹசன் போன்ற கட்டடக்கலைஞர்களும், மக்கள் ஏற்கெனவே போட்ட குழாய்களும் இயற்கை ஓடைகளும் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தினால் மிகக் குறைந்த செலவில் முடியும் என்று மாற்றுத் திட்டம் வைத்தார்கள். 1999இல் அரசு அந்தக் கடன் திட்டத்தைக் கைவிட்டது. கடனை அடைக்கப்போவது ஏழையின் வரிப்பணமும்தானே! ‘இலவசம்’ என்ற சொல்லை அதன்பின் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன்.

அதே 1999இன் அக்டோபரில் கான் மறைந்தார். ஆய்வு, பயிற்சிப் பிரிவைப் பலகாலமாக வழிநடத்தி வந்தவர் பர்வீன் ரஹ்மான் என்னும் கட்டடக்கலைஞர். 1957இல் டாக்காவில் பிறந்தவர். 1980களின் தொடக்கத்தில் ஓரங்கிக்கு வந்தார். குடியிருப்புகளின் இளைஞர்களுக்கே நில அளவை கற்றுத்தந்து, கராச்சியின் ஓடைகளையும் சந்துகளையும் வரைபடத்தில் ஏற்றவைத்தார். அரசிடமே அத்தகைய படம் இல்லை. நகர் விழுங்கிக்கொண்டிருந்த விளிம்புக் கிராமங்களையும் அவர் ஆவணப்படுத்தினார். அந்த ஆவணம் இருந்தால் அங்குள்ளவர்கள் பட்டா கேட்க முடியும். குடிநீர் எங்கே திருடப்பட்டு லாரிகளில் விற்கப்படுகிறது என்பதையும் படமாக்கினார். 2013 மார்ச் 13 அன்று வேலை முடிந்து திரும்புகையில் காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021இல் ஐவருக்குத் தண்டனை கிடைத்தது. 2022 நவம்பரில் சிந்து உயர்நீதிமன்றம் அத்தண்டனையை ரத்து செய்தது. குடியிருப்பை மேம்படுத்துவது மரம் நடுவதும் சுவரில் ஓவியம் வரைவதும் போன்ற சாதுவான காரியம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். எந்த நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று தாளில் எழுதிவைப்பது, அந்த நிலத்தின்மேல் கண்வைத்தவனுக்கு நேரடியான சவால்.

ஓரங்கியைச் சொர்க்கமாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. சாக்கடையை வென்ற ஊர் குடிநீரை வெல்லவில்லை. தண்ணீர் லாரியை நம்பிய வாழ்க்கை தொடர்ந்தது. ‘வெளி’ப் பங்கை அரசு அரைகுறையாகவே செய்தது, கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமல் கடலுக்குப் போகிறது. 2020 ஆகஸ்டில் கராச்சி வெள்ளத்தில் மூழ்கியபின், ஓடைகளை அகலப்படுத்துவதாகச் சொல்லி 2021இல் குஜ்ஜர் ஓடை, ஓரங்கி ஓடைக் கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. உள்ளை யார் கட்டினாலும், வெளி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே புல்டோசரும் சொந்தம்.

இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்து எதற்கு எழுதவேண்டும்? நம் நகரங்களுக்கும் ‘மக்கள் பங்கேற்பு’ இப்போது சட்டமாகவே வந்திருக்கிறது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 1 அன்று தமிழகத்தின் நகரங்களில் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. கிராம சபைக்கு இணையாக நகரத்துக்கும் ஒன்று, வரவேற்க வேண்டியதே. ஆனால் அலகைக் கவனியுங்கள். சென்னையில் 200 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி பார்த்தாலே வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதைப் பத்தாகப் பிரித்தாலும் ஒரு பகுதிக்கு மூவாயிரம் பேருக்கு மேல். மூவாயிரம் பேரில் ஒருவரையொருவர் அறிந்தவர் யார்? கூட்டத்தில் பேசத் தெரிந்தவர் பேசுவார். மற்றவர் மனுவை நீட்டிவிட்டுப் போவார்.

நம்மிடம் சந்து அளவிலான அனுபவமே கிடையாது என்பதும் சரியல்ல. 1989இல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, சென்னைத் தெருக்களில் அதைத்தான் செய்தது. தெருவாசிகள் மாதாமாதம் சிறுதொகை போட்டு, குப்பை பொறுக்கியவருக்கே மூன்றுசக்கர வண்டி கொடுத்து, ‘தெரு அழகாளர்’ என்று பெயரும் வைத்து, வீட்டு வாசலில் குப்பை வாங்கவைத்தார்கள். அது வெற்றி பெற்ற இடமெல்லாம் தெரு என்னும் அலகில்தான். தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. 2000இல் குப்பை அள்ளுவது ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனதும் அவற்றில் ஒன்று என்பது என் கருத்து.

இன்னொன்று, யார் ‘குடியிருப்போர்’ என்பது. நமது அடுக்ககச் சங்கங்களில் உறுப்பினர் என்றால் உரிமையாளர். பதினைந்து ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவர் பராமரிப்புக் கட்டணம் கட்டலாம், வாக்களிக்க முடியாது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் காலை ஆறிலிருந்து இரவு எட்டுவரை அத்தெருவில் இருக்கிறார். எந்த மழைக்கு எந்த வீட்டு வாசலில் தண்ணீர் ஏறும் என்பது அவருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அவர் சங்கத்தின் புகார்ப் பட்டியலில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற தலைப்பில் இடம்பெறுகிறார்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. மாநகராட்சி தன்னிடமுள்ள மழைநீர் வடிகால் வரைபடத்தைத் தெருவாரியாக அச்சிட்டு அடுத்த பகுதி சபையில் மேசைமேல் விரிக்கட்டும். ஒவ்வொரு தெருவிலிருந்தும் நான்கு பேர் போதும். ஒருவர் வாடகைக்கு இருப்பவராக, ஒருவர் அங்கே தொழில் செய்பவராக இருக்கட்டும். படத்தில் உள்ளபடிதான் தண்ணீர் ஓடுகிறதா என்று முதல் மழையன்று குடை பிடித்துக்கொண்டு பார்த்துவிடலாம். வாட்டம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல அத்தெருவிலேயே ஒரு கொத்தனார் குடியிருப்பார்.