வாங்குவதும் விற்பதும் நிஜமா, நடிப்பா? வியாபார 'ரியாலிட்டி' நிகழ்ச்சிகளின் மறுபக்கம்

கிடங்கின் பூட்டை வெட்டுகிறார்கள். கதவு மேலே போகிறது. உள்ளே பழைய மெத்தை, அட்டைப் பெட்டிகள், மூலையில் துணி போர்த்திய ஏதோ ஒன்று. சில நிமிடத்தில் ஏலம் முடிகிறது. துணியை விலக்கினால், கொடுத்த காசைவிடப் பல மடங்கு மதிப்புள்ள பழம்பொருள்!

பார்க்கும் பலருக்கும் தோன்றும் கேள்வி: "இது நிஜமாவே அங்க இருந்துச்சா? இல்ல, யாராவது கொண்டுவந்து வச்சாங்களா?"

கிடங்கு ஏலம், வீடு தேடும் படலம், அடகுக் கடைப் பேரம், முதலீட்டாளர் முன் வியாபாரத் திட்டம் என வாங்கல் விற்றல் நிகழ்ச்சிகளுக்கு உலகெங்கும் நேயர்கள் உண்டு. எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லாமே நிஜம் என்று நம்பவும் முடியாது. எது நிஜம், எது ஏற்பாடு? தெரிந்த சில உதாரணங்களை வைத்துப் பார்க்கலாம்.

கிடங்கு ஏலம்: நீதிமன்றம் வரை போன விவகாரம்

அமெரிக்காவின் 'ஏ அண்ட் இ' ஒளிவழியில் 2010ஆம் ஆண்டு தொடங்கியது 'ஸ்டோரேஜ் வார்ஸ்'. வாடகை கட்டாமல் கைவிடப்பட்ட சேமிப்புக் கிடங்குகளை ஏலத்தில் எடுப்பவர்களைப் பின்தொடரும் நிகழ்ச்சி அது. விதி எளிது. கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக்கூடாது, பெட்டியைத் திறக்கக்கூடாது. ஏலம் கேட்பது குருட்டு நம்பிக்கையில்தான்.

2012ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த நிகழ்ச்சியின் முக்கிய முகங்களில் ஒருவரான டேவ் ஹெஸ்டர், ஒளிவழி மீதும் தயாரிப்பு நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டார். விலைமதிப்புள்ள பொருள்களைத் தயாரிப்பாளர்களே கிடங்குகளில் முன்கூட்டியே வைக்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. குப்பைக்கு அடியில் ஒரு பிஎம்டபிள்யூ மினி கார் 'கிடைத்ததை' அதற்கு ஓர் உதாரணமாகச் சொன்னார். பணபலம் குறைந்த பங்கேற்பாளர்களுக்கு ஏலம் எடுக்கப் பணம் தரப்பட்டதாகவும் கூறினார். இதையெல்லாம் எதிர்த்துப் பேசியதால்தான் தம்மை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்பது அவரது வாதம்.

ஒளிவழி வழக்கை எதிர்த்தது. நிகழ்ச்சியில் என்ன இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்வது கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று அது வாதிட்டது. 2013ஆம் ஆண்டு மார்ச்சில் நீதிபதி அந்த வாதத்தை ஏற்று, வழக்கின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார். வேலைநீக்கம் தொடர்பான பகுதி மட்டும் தொடர்ந்தது. 2014இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஹெஸ்டர் மீண்டும் அதே நிகழ்ச்சியில் தோன்றினார்!

ஆக, பொருள்கள் வைக்கப்பட்டனவா இல்லையா என்ற கேள்விக்குத் தீர்ப்பு வரவே இல்லை. ஆனால் வழக்கு இன்னொன்றைத் தெளிவாக்கியது. 'ரியாலிட்டி' என்று பெயர் வைத்தாலும், சட்டத்தின் கண்ணில் அது செய்தி அல்ல, ஒரு படைப்பு.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

ஒரு சட்டம் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது.

1950களில் அமெரிக்காவில் வினாவிடைப் போட்டிகள் கொடிகட்டிப் பறந்தன. 'டுவென்டி ஒன்' போட்டியில் கல்லூரி ஆசிரியர் சார்ல்ஸ் வான் டோரன் நாடறிந்த நட்சத்திரமானார். பிறகுதான் உண்மை வெளிவந்தது. கேள்வியும் பதிலும் அவருக்கு முன்கூட்டியே தரப்பட்டிருந்தன. 1959ஆம் ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையில் அவரே அதை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. அறிவு, திறன், அதிர்ஷ்டம் ஆகியவற்றை வைத்து நடக்கும் போட்டிகளில் நேயர்களை ஏமாற்றும் நோக்கில் முடிவை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது குற்றமானது.

ஹெஸ்டர் தமது வழக்கில் அந்தச் சட்டத்தையும் மேற்கோள் காட்டினார். ஆனால் சிக்கல் எங்கே என்றால், அந்தச் சட்டம் போட்டிகளுக்கானது. பரிசு, வெற்றியாளர், மதிப்பெண் என்று இருந்தால் அது பொருந்தும். வீடு வாங்குவதும் பழம்பொருள் விற்பதும் போட்டியா என்ன? அந்த இடைவெளியில்தான் இத்தகைய நிகழ்ச்சிகள் வசதியாக உட்கார்ந்திருக்கின்றன.

வீடு தேடுகிறார்களா, வாங்கியே விட்டார்களா?

'ஹவுஸ் ஹன்டர்ஸ்' 1999ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி. ஒரு குடும்பம் மூன்று வீடுகளைப் பார்க்கும். சமையலறை சின்னது, சாலை இரைச்சல் அதிகம் என்று பேசிக்கொள்ளும். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

2012இல், அதில் பங்கேற்ற பெண் ஒருவர் நடந்ததை வெளியில் சொன்னார். வீட்டை வாங்கி முடித்த பிறகே தங்களை நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றார். 'நிராகரிக்கப்பட்ட' மற்ற இரண்டு வீடுகள் நண்பர்களுடையவை, விற்பனைக்கே வரவில்லை என்றும் சொன்னார்.

ஒளிவழி அதை அடியோடு மறுக்கவில்லை. படப்பிடிப்புக்கு உள்ள நேரம் குறைவு, அதனால் வீடு வாங்கும் முயற்சியில் வெகுதூரம் வந்துவிட்ட குடும்பங்களையே தேடுகிறோம் என்பதே அதன் விளக்கத்தின் சாரம்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். சிங்கப்பூரில் வீவக மறுவிற்பனை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்புரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் முடிவெடுக்க 21 நாள் அவகாசம். வீவக விண்ணப்பத்தை ஏற்ற பிறகு எல்லாம் முடிய ஏறக்குறைய 8 வாரம். இடையில் வங்கிக் கடன், மத்திய சேம நிதிக் கணக்கு, வழக்கறிஞர், பழைய வீட்டை விற்கும் கவலை. இந்த இழுபறியைப் படக்குழு மாதக்கணக்கில் பின்தொடர முடியுமா? முடியாது. அதனால் முடிவில் தொடங்கிப் பின்னோக்கி எடுக்கிறார்கள். வீடு நிஜம். குடும்பம் நிஜம். 'எதை வாங்குவது?' என்ற அந்தத் தவிப்பு மட்டும் நடிப்பு.

அடகுக் கடையில் இவ்வளவு அதிசயமா?

லாஸ் வேகஸ் அடகுக் கடை ஒன்றில் நடக்கும் 'பான் ஸ்டார்ஸ்' 2009இல் தொடங்கியது. யாரோ ஒருவர் பழைய துப்பாக்கியோ கையெழுத்துப் பிரதியோ கொண்டுவருவார். கடைக்காரர் நிபுணரை அழைப்பார். மதிப்புத் தெரியும், பேரம் நடக்கும்.

தற்செயலாக நுழைந்தவர் போலத்தான் திரையில் தெரியும். ஆனால் நிகழ்ச்சிக்கு வரும் பொருள்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவை. விளக்கு, கேமரா, ஒலிவாங்கி எல்லாம் தயாராக இருக்கும்போது, அந்தத் துறையின் நிபுணரும் சரியாக அதே நாளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தற்செயல் அல்ல.

இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறொன்று. அடகுக் கடையின் பிழைப்பு வட்டியில்தான் ஓடுகிறது. நகையை வைத்துப் பணம் வாங்கி, பிறகு மீட்டுக்கொள்வதுதான் அன்றாடம் நடப்பது. சிங்கப்பூரில் அடகுக் கடைக்காரர் மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. பொருளை மீட்கக் குறைந்தது 6 மாத அவகாசம் தரவேண்டும். பள்ளிக் கட்டணத்துக்காகச் சங்கிலியை வைக்க வருபவரின் கதை திரைக்கு வராது. சுவாரஸ்யம் இல்லை என்பதாலும், கேமரா முன் நிற்க அவர் விரும்பமாட்டார் என்பதாலும்.

கைகுலுக்கினால் ஒப்பந்தமா?

2001ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியிலிருந்து பிறந்ததுதான் பிரிட்டனின் 'டிராகன்ஸ் டென்'. அமெரிக்காவுக்கு அது 2009இல் 'ஷார்க் டேங்க்' ஆகப் போனது. 2021 டிசம்பரில் இந்தியப் பதிப்பும் வந்தது.

இதில் நிஜம் அதிகம். அமெரிக்கப் பதிப்பில் முதலீட்டாளர்கள் போடுவது சொந்தப் பணம். ஆனால் நாம் பார்க்கும் பத்து நிமிடப் பேச்சு, அரங்கில் ஒரு மணி நேரம்கூட நடந்திருக்கும். எந்தக் கேள்வி தங்கும், எந்தத் திணறல் வெளியே போகும் என்பதைப் படத்தொகுப்பாளர் முடிவு செய்கிறார்.

முக்கியமான விஷயம் இதுதான்: மேடையில் கைகுலுக்குவது முடிவான ஒப்பந்தம் அல்ல. அதற்குப் பிறகுதான் கணக்குப் புத்தகங்களையும் உரிமங்களையும் கடன்களையும் சரிபார்க்கிறார்கள். அந்தக் கட்டத்தில் நிபந்தனைகள் மாறுவதும், ஒப்பந்தமே கைவிடப்படுவதும் சர்வசாதாரணம். ஆனால் நேயர் மனத்தில் நிற்பது அந்தக் கட்டிப்பிடிப்பும் கண்ணீரும்தான்.

அமெரிக்கப் பதிப்பில் தொடக்கத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. முதலீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பங்கேற்கும் தொழிலில் 5 விழுக்காட்டுப் பங்கையோ லாபத்தில் 2 விழுக்காட்டையோ கோர தயாரிப்புத் தரப்புக்கு உரிமை உண்டு. முதலீட்டாளர் மார்க் கியூபன் எதிர்த்ததை அடுத்து 2013இல் அது நீக்கப்பட்டது. திரையில் நடந்த பேரத்துக்குப் பின்னால் திரைக்கு வராத ஒரு பேரமும் நடந்திருக்கிறது!

"பொழுதுபோக்குதானே, யாருக்கு என்ன நஷ்டம்?"

இந்தக் கேள்வி நியாயமானதே. சினிமாவில் சண்டை நிஜமில்லை என்று தெரிந்தும் ரசிக்கிறோம். இங்கே மட்டும் ஏன் கோபம்?

காரணம், இந்த நிகழ்ச்சிகள் விலையைக் கற்றுக்கொடுக்கின்றன. யாரை நம்பலாம் என்றும் கற்றுக்கொடுக்கின்றன. அது தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

அமெரிக்கப் பொது ஒளிபரப்பில் வரும் 'ஆன்டிக்ஸ் ரோட்ஷோ'வில், மக்கள் கொண்டுவரும் பழம்பொருள்களை நிபுணர்கள் மதிப்பிடுவார்கள். 1990களின் பிற்பகுதியில் ஒருவர் ஒரு வாளோடு வந்தார். சிறுவயதில் அதை வைத்துத் தர்பூசணி வெட்டியதாகச் சொன்னார். அது உள்நாட்டுப் போர்க்கால வாள் என்றும் 35,000 டாலர் பெறும் என்றும் இரண்டு நிபுணர்கள் வியந்தார்கள். உண்மையில் வாளோடு வந்தவர் அவர்களுக்குத் தெரிந்தவர். கதை முழுக்க ஜோடிப்பு. தயாரிப்பாளர்களுக்கே அது தெரியாது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. தொலைக்காட்சியில் கிடைத்த மதிப்பை வைத்து அந்த நிபுணர்கள் நிஜக் குடும்பங்களை அணுகினார்கள். போரில் பங்கேற்ற ஒரு தளபதியின் வாரிசு, தம் குடும்பப் பொருள்களை 90,000 டாலருக்கும் குறைவான விலைக்குக் கொடுத்தார். அவை 800,000 டாலருக்கும் மேல் கைமாறின. மோசடிக்காக அந்த நிபுணர்களில் ஒருவருக்கு 2002இல் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்தக் குடும்பம் ஏமாந்தது திரையில் ஒரு வாளைப் பார்த்து வியந்ததால் மட்டும் அல்ல. "டிவியில வர்றவர், பொய் சொல்லமாட்டார்" என்ற நம்பிக்கையால். ஜோடித்த காட்சியின் உண்மையான விலை அதுதான்.

திரையில் வராத ஒருவர்

கிடங்கு ஏலத்தில் இன்னொருவரும் இருக்கிறார். அவர் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. கிடங்கின் சொந்தக்காரர்.

வாடகை கட்ட முடியாமல் போனவர் அவர். வேலை போயிருக்கலாம், மருத்துவமனையில் படுத்திருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். பெட்டியில் இருப்பது பிள்ளையின் புகைப்படமும் அம்மாவின் புடவையும் போன்றவைதான். ஏலம் எடுத்தவருக்கு அது குப்பை. நிகழ்ச்சி அதைப் புதையல் வேட்டையாகக் காட்டும்போது, இழந்தவரின் பக்கம் முழுதாக மறைந்துவிடுகிறது. பொருளை யாரும் வைத்திருக்காவிட்டாலும், இந்த மறைப்பு நடக்கத்தான் செய்கிறது. எதைச் சேர்த்தார்கள் என்று கேட்கும் நாம், எதை விட்டார்கள் என்று கேட்பது குறைவு.

பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

– கேமரா எங்கே இருக்கிறது? 'திடீரென்று' நடக்கும் சம்பவம் ஒன்று, முன்னாலும் பின்னாலும் தெளிவாகப் படமாகியிருந்தால் அது திடீரென்று நடந்தது அல்ல.

– திரையில் வரும் தொகை விற்ற விலையா, மதிப்பீடா? 'ஸ்டோரேஜ் வார்ஸ்' முடிவில் காட்டும் லாபக் கணக்கு பெரும்பாலும் பங்கேற்பாளர்கள் போட்ட மதிப்பீடு. வாங்க ஆள் கிடைக்கும்வரை அது வெறும் எண்தான்.

– செலவு எங்கே? போக்குவரத்து, பழுதுபார்ப்பு, வரி, முகவர் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

– மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருக்கிறாரா? அப்படி இருந்தால், திரையிலோ வெளியிலோ, இன்னொருவரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு அதிகம் தேவைப்படும். பாட்டியின் பழைய நகையையோ வீட்டையோ விற்க நேர்ந்தால் குறைந்தது இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். ஓரிரவு தூங்கி எழுந்து முடிவெடுங்கள். எந்த நிகழ்ச்சியிலும் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், ஏனென்றால் அதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.