எந்த ஏ.சி. வாங்கலாம்?

குற்றாலத்திலே அருவி கொட்டுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசுகிறது. சாரல் முகத்தில் தெளிக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் வருகிறவர்கள், "இந்த ஊரிலே ஏ.சி. எதற்கு?" என்று கேட்பார்கள்.

பங்குனி, சித்திரையில் வந்து பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்! அருவியில் வெறும் பாறை தெரியும். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த மொட்டை மாடி, இரவு 10 மணிக்கும் அனல் கக்கும். மின்விசிறி சுற்றும். ஆனால், அது வீசுவதும் அனல்தான். பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். வயதானவர்கள் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். அங்கே கொசு!

தென்காசியை ஒட்டியுள்ள குத்துக்கல்வலசையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, 2 பிள்ளைகள், வயதான தாயார். மாத வருமானம் ரூ.30 ஆயிரம். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. அதைக் கொண்டு ஒரு ஏ.சி. வாங்கி, பின்கட்டு அறையில் மாட்டிவிட்டால் எல்லோரும் அதிலேயே படுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். கணவனும் மனைவியும் தென்காசிக்குப் போய்க் கடை ஏறுகிறார்கள்.

"அண்ணாச்சி, விலை கம்மியா, நல்லதா ஒண்ணு காட்டுங்க."

"எல்லாமே நல்லதுதாம்மா. உங்களுக்கு எந்த கம்பெனி வேணும்?"

அங்கேதான் பேச்சு நின்று விடுகிறது. சுவர் நிறைய வெள்ளைப் பெட்டிகள். வோல்டாஸ், புளூ ஸ்டார், லாயிட், கோத்ரெஜ், எல்.ஜி., டைகின், ஹயர் என்று ஏகப்பட்ட பெயர்கள். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி! ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலையில் ரூ.2 ஆயிரம், 3 ஆயிரம் வித்தியாசம்.

லண்டனிலும் இதே கேள்வி

இந்தத் திண்டாட்டம் தென்காசியோடு நிற்கவில்லை. லண்டனில் வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழரும் இதே கேள்வியைக் கேட்கிறார். அங்கே அந்த எந்திரத்துக்கு "ஹீட் பம்ப்" என்று பெயர்.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கிணற்றுத் தண்ணீரைப் பம்பு செட் மேலே ஏற்றுகிறது அல்லவா? அது போல, சூட்டை ஏற்றும் பம்பு இது. அமெரிக்காவில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் என்ற என்ஜினீயர் 1902-ம் ஆண்டு வழி கண்டார். மனிதர் தூங்குவதற்காகப் பிறந்தது அல்ல, ஏ.சி.!

அதே பம்பைத் திருப்பி ஓட விட்டால், வெளியே இருக்கும் சூட்டை வீட்டுக்குள் கொண்டு வரும். குளிர் நாட்டில் அதுதான் ஹீட் பம்ப். 2022-ம் ஆண்டு உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியது. வீட்டைச் சூடாக்க மக்கள் ஹீட் பம்பைத் தேடினார்கள். பிரிட்டிஷ் அரசு ஒரு வீட்டுக்கு 7,500 பவுன் மானியம் என்று 2023-ம் ஆண்டு அறிவித்தது.

நம் ஊர்க் கடைகளிலும் "சூடும் தரும், குளிரும் தரும்" என்று ஒரு ரகம் கண்ணில் படும். டெல்லிக் குளிருக்கு அது சரி. தென்காசியில் வீட்டைச் சூடாக்கி என்ன செய்வது? அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டிக்கு மேலே பெயர், உள்ளே யார்?

கம்பெனிப் பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

சில பெயர்கள் பழமையானவை. புளூ ஸ்டார் 1943-ம் ஆண்டு தொடங்கியது. டாடாவும், சுவிட்சர்லாந்தின் வோல்கார்ட் சகோதரர்கள் கம்பெனியும் 1954-ம் ஆண்டு கைகோத்தபோது பிறந்தது வோல்டாஸ். இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள், புரியும். சில பெயர்கள் கை மாறியவை. லாயிட் ஏ.சி. வியாபாரத்தை ஹாவெல்ஸ் கம்பெனி 2017-ம் ஆண்டு விலைக்கு வாங்கியது. ஒரு காலத்தில் வீடுதோறும் டி.வி.யாக இருந்த வீடியோகான், 2018-ம் ஆண்டு திவால் வழக்குக்குப் போனது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. எல்லாக் கம்பெனிகளும் ஏ.சி.யைச் சொந்தமாகவே செய்வதில்லை. ஆம்பர் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. அந்தப் பெயரில் கடையில் ஏ.சி. கிடைக்காது. ஆனால், பல பிரபல கம்பெனிகளுக்கு அது ஏ.சி. செய்து கொடுக்கிறது! ஏ.சி.யின் இருதயமான கம்ப்ரசரைச் செய்கிறவர்களும் சிலர்தான். சீனாவில் இருந்தும் ஏராளமாக வருகிறது. டைகின், புளூ ஸ்டார் போன்றவை சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் 2023-ம் ஆண்டு புதிய தொழிற்சாலைகளைத் திறந்திருக்கின்றன.

ஆகவே, மலிவு ரகத்தில் பெயருக்காக மட்டும் ரூ.3 ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண். வேறு சிலவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். சூட்டை வாங்கும் குழாய் செம்பா, அலுமினியமா? செம்பு என்றால் ஓட்டை விழுந்தால் பற்றவைத்துச் சரி செய்வது எளிது. கம்ப்ரசருக்கு 10 ஆண்டு உத்தரவாதம் என்பது இப்போது சாதாரணம். அதில் மயங்கிவிடக் கூடாது. எந்திரத்தை நடத்தும் எலெக்ட்ரானிக் பலகைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்க வேண்டும். இடி, மின்னலிலும், மின்சாரம் கூடிக் குறையும்போதும் முதலில் அடிபடுவது அதுதான். மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் போய்விடும்.

நட்சத்திரக் கணக்கு

ஏ.சி.யின் நெற்றியில் நட்சத்திரம் ஒட்டியிருப்பார்கள். மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு தரும் அடையாளம் இது. நட்சத்திரம் கூடினால் மின்சாரச் செலவு குறையும்.

நட்சத்திரத்தை எண்ணினால் போதாது. அதில் அச்சிட்ட ஆண்டையும் படிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பரீட்சையைக் கடினமாக்குகிறார்கள். 2026 ஜனவரி 1-ந்தேதியும் அப்படிக் கடினமாக்கினார்கள். பழைய பரீட்சையில் 5 நட்சத்திரம் வாங்கிய எந்திரம், புதிய பரீட்சையில் 4 வாங்கலாம். எந்திரம் அதேதான்! "பழைய சரக்கு, 5 ஸ்டார், விலை மலிவு" என்று சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

அதே சீட்டில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்றும் அச்சிட்டிருப்பார்கள். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று போட்ட கணக்கு. ஒரு டன் ஏ.சி.யில் 3 நட்சத்திரத்துக்கும் 5 நட்சத்திரத்துக்கும் ஏறக்குறைய 150 யூனிட் வித்தியாசம் வரும். (டன் என்றதும் எடை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே நாளில் 907 கிலோ ஐஸ் கட்டி உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு சூட்டை வெளியேற்றும் திறன் ஒரு டன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு அது போதும்.)

குத்துக்கல்வலசையில் அந்த ஏ.சி. 1,600 மணி நேரமா ஓடப் போகிறது? சித்திரையும் வைகாசியும் போனால் சாரல் வந்துவிடும். பிறகு ஐப்பசி மழை, மார்கழிக் குளிர். வருஷத்துக்கு 100 இரவு, இரவுக்கு 8 மணி நேரம் என்றால் 800 மணி நேரம். பாதிதான். மிச்சமாகும் மின்சாரமும் பாதி, அதாவது 75 யூனிட். யூனிட்டுக்கு ரூ.8 என்றாலும் ஆண்டுக்கு ரூ.600. 5 நட்சத்திர ஏ.சி.க்கு ரூ.7 ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணம் திரும்பிவர ஏறக்குறைய 12 ஆண்டு ஆகும்! எந்திரமே அத்தனை காலம் உழைக்குமோ, என்னவோ.

சென்னையில் எட்டு மாதம் ஏ.சி. ஓடும் வீட்டுக்கு 5 நட்சத்திரம் லாபம். சாரல் அடிக்கும் ஊரில் 3 நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி.யே புத்திசாலித்தனம். பட்டணத்துக்குச் சொன்ன யோசனையைத் தென்காசிக்காரர் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

500 யூனிட் கோடு

ஏ.சி. வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள். மின்சாரக் கட்டணத்தைப் பிறகுதான் பார்க்கிறார்கள். பார்த்துத் திடுக்கிடுகிறார்கள்!

2024 ஜூலையில் வந்த கட்டணப் பட்டியலை வைத்துப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கும் சலுகை உண்டு. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். அதனால், 500-ல் இருந்து 501 ஆனால், அந்த ஒரு யூனிட்டுக்காக ஏறக்குறைய ரூ.240 கூடுதலாகக் கட்ட நேரும். 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் ரூ.8-க்கு மேல்.

நம் குடும்பம் வழக்கமாக 350 யூனிட் செலவழிக்கிறது. கட்டணம் ரூ.950 அளவில். ஏ.சி. இரவுக்கு 4 யூனிட் இழுக்கிறது என்று கொள்வோம். 60 இரவுக்கு 240 யூனிட். மொத்தம் 590. கட்டணம் ரூ.2,800-ஐ எட்டிவிடும்! அதே குடும்பம் நடுராத்திரிக்குப் பிறகு ஏ.சி.யை அணைத்துவிட்டு, மொத்தம் 490 யூனிட்டில் நிறுத்திக்கொண்டால் கட்டணம் ரூ.1,750 அளவில்தான். ஒரே வீடு, ஒரே ஏ.சி. வித்தியாசம் ஆயிரம் ரூபாய்!

24 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுற்ற விடலாம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்கிறது. 18-ல் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிற வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு யார் சொல்வது?

கெட்டுப்போனால் வருவது யார்?

மலிவு கம்பெனிகளுக்கு உள்ளே பேதம் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கம்பெனியின் மெக்கானிக் தென்காசியிலேயே இருக்கிறாரா? திருநெல்வேலியில் இருந்து வர வேண்டுமா? சித்திரை வெயிலில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும். "நாலு நாளில் வருகிறோம்" என்பார்கள். உதிரி சாமான் மதுரையில் இருந்து வர வேண்டும் என்றால், அதுவரை ஏ.சி. சுவரில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அக்கம்பக்கத்தில் அதே கம்பெனி ஏ.சி. வைத்திருக்கும் நான்கு வீடுகளில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். விளம்பரத்தைவிட அந்த நான்கு வீடுகள் பெரிது.

இன்னொரு ஏமாற்று நடக்கிறது. "வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துவிடும், நிரப்ப வேண்டும்" என்று சொல்லிச் சிலர் பணம் பறிக்கிறார்கள். ஏ.சி.யில் உள்ள கேஸ், அடுப்பு கேஸ் அல்ல. எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கையில் எவ்வளவு வேண்டும்?

2025 செப்டம்பர் 22-ந்தேதி ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. வரி சேர்க்காமல் ரூ.30 ஆயிரம் உள்ள ஏ.சி., ரூ.38,400-ல் இருந்து ரூ.35,400 ஆயிற்று. ரூ.3 ஆயிரம் மிச்சம். ஆனால், சுவரில் மாட்டும் கூலி, கூடுதல் செம்புக் குழாய், ஸ்டெபிலைசர் ஆகியவை அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். பழைய வீடாக இருந்தால் ஏ.சி.க்குத் தனி ஒயரும், நல்ல எர்த்தும் போட வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது.

"வட்டியில்லாத் தவணை" என்றும் பலகை தொங்கும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-ம் ஆண்டே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?" என்று கேட்டால், தவணையில் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்பது வெளிவந்துவிடும்.

நம் குத்துக்கல்வலசைக் குடும்பத்துக்குக் கணக்கு முடிந்துவிட்டது. ஒரு டன், 3 நட்சத்திரம், செம்புக் குழாய், தென்காசியில் மெக்கானிக். இந்த நான்கும் உள்ள கம்பெனிகளில் எது மலிவோ, அது.

அதையும் சித்திரையில் போய் வாங்க வேண்டாம். அப்போது கடையில் கூட்டம், விலையும் இறங்காது, மாட்டுவதற்கு ஆள் கிடைக்கவும் ஒரு வாரம் ஆகும். சாரல் விழுந்து, அருவியில் குளிக்கக் கூட்டம் குற்றாலம் போகும் நாளில், ஏ.சி. கடை காலியாக இருக்கும். அன்றைக்கு அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். விலையும் குறைத்துத் தருவார்.