படிக்கப் போனால் பணத்தை நிறுத்துவதா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி போன வாரம் எழுதியிருந்தார்: "வேலையில்லாதவனுக்கு மாசாமாசம் காசு கொடுத்தா அவன் எதுக்குப் படிக்கப் போறான்?" பலர் கைதட்டியிருந்தார்கள். தம்பி, கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். படிக்கப் போகிறேன் என்று கிளம்புபவனிடமிருந்து அந்தக் காசை ஏன் பிடுங்குகிறோம்?

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய். தேறியவருக்கு 300. பிளஸ் டூ என்றால் 400. பட்டம் பெற்றவருக்கு 600. அதுவும் கேட்டவுடன் கிடைக்காது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான் தருவார்கள்.

இதில் இன்னொரு விதி இருக்கிறது. கல்வி நிலையத்துக்கு நேரில் சென்று படிப்பவருக்கு இந்தத் தொகை கிடையாது. தொலைதூரக் கல்வி என்றால் பரவாயில்லை. வெல்டிங்கையும் மோட்டார் ரிப்பேரையும் அஞ்சலில் கற்றுக்கொள்ள முடியுமா? கைத்தொழிலைப் பட்டறையில் நின்றுதானே கற்க வேண்டும்? வேலை கிடைக்க வழிசெய்யும் படிப்புக்குப் போனால்தான் உதவி நிற்கிறது. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் வந்துகொண்டிருக்கிறது. சோம்பேறியாக்குவது பணமா, இந்த விதியா?

என்னிடம் படித்த ஒருவன், பெயர் வேண்டாம். அப்பா இல்லை, அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். ஐடிஐயில் வெல்டர் படிப்பு ஒரு வருடம்தான், சேர்ந்துவிடு என்றேன். "கிடைக்கிற நாள் கூலியும் போகும், இந்த 300-ம் போகும். அம்மாகிட்ட என்ன சார் சொல்றது?" என்றான். ஏழை வீட்டில் படிப்பின் உண்மையான செலவு கட்டணமே அல்ல, அந்த நாட்களில் வராமல் போகும் கூலிதான். இந்தக் கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்கிறது. விதி எழுதியவர்களுக்குத் தெரியவில்லை.

"அரசு ஐடிஐயில்தான் மாதம் 750 ரூபாய் தருகிறார்களே, இரண்டு பக்கமும் வாங்கலாமா?" என்று கேட்பீர்கள். சரி, இரண்டையும் கூட்டுங்கள். 1,050 ரூபாய். ஒரு நாளைக்கு 35. இதை இரட்டைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணம் கொடுத்தால் படிப்பு நிற்காது என்பதை இதே அரசு ஒப்புக்கொண்டதுதான். 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். 2024-இல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. மனமார வரவேற்கிறேன். அங்கே நேரில் போய்ப் படித்தால் பணம், இங்கே நேரில் போய்ப் படித்தால் பணம் கட். ஒரே அரசு, இரண்டு நியாயமா?

காமராசர் மதிய உணவு கொண்டுவந்தபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கியபோதும், சோறு போட்டால் பிள்ளை படிக்காது என்று யாரும் அஞ்சவில்லை. சோறு இருந்ததால்தான் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். நம் குழுவில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்தத் தட்டில் சாப்பிட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதுக்குப் பொருந்தியது இருபத்தைந்து வயதுக்கு ஏன் பொருந்தாது?

ஏமாற்றுவார்கள் என்ற பயம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுங்கள். வாத்தியார் வேலை பார்த்தவன் சொல்கிறேன், அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

கேட்பது இவ்வளவுதான். அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பயிற்சியில் சேர்பவருக்கு உதவித்தொகையை நிறுத்தாதீர்கள். படிப்பு முடிவதற்குள் மூன்று ஆண்டு முடிந்துவிட்டால், படிப்பு முடியும்வரை நீட்டியுங்கள்.

அரசுப் பணியில் இருக்கும் என் மாணவர்களே, இந்த விதியை மாற்றச் சொல்லிக் கோப்பில் ஒரு குறிப்பாவது எழுதுங்கள். மற்றவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

தம்பி, உன் பதிலையும் எதிர்பார்க்கிறேன். கோபம் வேண்டாம், கணக்கோடு வா.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்